விதைப்புக்கும் நகரத்துக்கும் இடையே 6,000 ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், ஆதிமனிதன் எவ்வாறு நாகரிக மனிதன் ஆனான் என்பதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளிவந்திருந்தது. அதன் நடுவே ஐந்து படிகள் கொண்ட ஓர் ஏணிப்படம். கீழ்ப்படியில் கல்லை ஏந்திய ஒருவன், அடுத்து நெருப்பு, அதற்கடுத்து ஏர், பிறகு ஊர், உச்சியில் எழுத்தும் அரண்மனையும். காட்டுமிராண்டியாக அலைந்த மனிதன் வேளாண்மையைக் கண்டுபிடித்ததும் உடனே ஓரிடத்தில் தங்கி நகரங்களைக் கட்டினான் என்ற பொருளில் கட்டுரை முடிந்திருந்தது. 32 ஆண்டுகள் இம்மாவட்டத்துப் பள்ளிகளில் வரலாறு கற்பித்த நானும் இதே ஏணியைப் பலமுறை கரும்பலகையில் வரைந்தவன்தான். அது தவறு என்று நான் அறிந்துகொண்ட விதத்தையும், அந்தத் தவறு பிள்ளைகளின் மனத்தில் என்ன செய்கிறது என்பதையும் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் காலக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏணிப்படம் மறைப்பது அதைத்தான். இன்றைய துருக்கியின் தென்கிழக்கு, சிரியா, ஜோர்தான், ஈராக் ஆகியவற்றின் ஊடே பிறைபோல் வளைந்து செல்லும் நிலப்பரப்பில், காட்டுக் கோதுமையையும் காட்டு வாற்கோதுமையையும் மனிதர்கள் வேண்டுமென்றே விதைக்கத் தொடங்கியது ஏறத்தாழ கி.மு. 9500-ஐ ஒட்டிய காலம். உலகின் முதல் பெருநகரம் என்று சொல்லத்தக்க உருக், தெற்கு ஈராக்கில், கி.மு. 3500-ஐ ஒட்டித்தான் அந்த நிலையை எட்டியது. இடையில் 6,000 ஆண்டுகள். உருக் நகரத்துக்கும் நமக்கும் இடையே உள்ளதோ 5,500 ஆண்டுகள்தாம். உருக் நகரத்துத் தெருவில் நடந்த ஒருவருக்கு, முதல் விதையை இட்டவரைக் காட்டிலும், இன்று வடசேரிச் சந்தையில் காய்கறி வாங்கும் நாம்தான் காலத்தால் நெருக்கமானவர்கள். 'உடனே' என்ற ஒற்றைச் சொல்லால் கட்டுரை தாண்டிச் சென்ற தொலைவு இவ்வளவு.

அந்த நீண்ட இடைவெளியின் தொடக்கத்தில் என்ன நடந்தது என்பதை நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு விளக்குவது எளிது. வயலில் பயிரோடு களையாக முளைக்கும் காட்டுநெல்லை அவர் அறிவார். முற்றியதும் அதன் மணி கதிரில் நிற்பதில்லை. காற்று அசைத்தாலே உதிர்ந்து மண்ணில் விழும். காட்டுப் புல்லுக்கு அதுவே தேவை, ஏனெனில் உதிர்ந்தால்தான் அடுத்த தலைமுறை முளைக்கும். எப்போதாவது ஒரு செடியில், மணி உதிராமல் கதிரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பிறவிக்குறை தோன்றுவதுண்டு. காட்டில் அந்தச் செடிக்கு வாரிசு இராது. ஆனால் மனிதர்கள் கதிரோடு அறுத்து, குடிசைக்குச் சுமந்து வந்து, அதில் ஒரு பங்கை அடுத்த பருவத்தில் விதைக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. உதிரும் மணிகள் அறுத்த இடத்திலேயே போய்விட, உதிராத மணிகளே அவர்கள் கைக்கு அதிகமாக வருகின்றன. ஒவ்வோர் அறுப்பிலும் ஒவ்வொரு விதைப்பிலும் அந்தக் குறை சிறிது சிறிதாகப் பெருகி, இறுதியில் மனிதர் உதவியின்றித் தானே பரவ முடியாத பயிர் ஒன்று உருவாகிறது. களத்தில் நாம் அடித்துத்தான் நெல்லை உதிர்க்க வேண்டியிருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

காட்டுக் கோதுமையைப் பழைய முறையில் அறுத்துப் பார்த்து, இம்மாற்றம் 200 ஆண்டுகளுக்குள், ஒருவேளை 20 அல்லது 30 ஆண்டுகளிலேயே கூட நிகழ்ந்திருக்கலாம் என்று 1990-இல் இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் பழைய குடியிருப்புகளில் கிடைத்த கருகிய மணிகளையும் உமிகளையும் ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்தபோது, அது 2,000 ஆண்டுகளுக்கும் மேல் எடுத்திருப்பது தெரியவந்தது. சீனாவில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள தியான்லுவோஷான் என்னும் இடத்தில், இன்றைக்குச் சுமார் 6,900 முதல் 6,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட நெல்லின் அடிக்காம்புத் துணுக்குகளை ஆராய்ந்தார்கள். உதிராத வகையின் பங்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளில் 27 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காட்டுக்குத்தான் உயர்ந்திருந்தது. அந்த 300 ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு தலைமுறைகள் வாழ்ந்து மறைந்திருக்கும். அவர்களில் ஒருவர்கூடத் தம் வாழ்நாளில் இந்த மாற்றத்தைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. வேளாண்மையை ஒருவர் ஒரு நாளில் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அது நிகழ்ந்ததும் ஓரிடத்தில் அன்று. மேற்கு ஆசியாவில் கோதுமையும், சீனாவில் நெல்லும் தினையும், மெக்சிகோவில் மக்காச்சோளமும், ஆண்டீஸ் மலையில் உருளைக்கிழங்கும், நியூ கினியில் சேம்புக் கிழங்கும் வாழையும் எனத் தனித்தனியாகவே பயிரானவை. தென்னிந்தியத் தக்காணத்தில் சில சிறுதானியங்களும் பாசிப்பயறும் கொள்ளும் அவ்வாறே தொடக்கக் காலப் பயிர்களாயின.

இதை எனக்கு முதலில் உணர்த்தியவன் ஒரு மாணவன். 25 ஆண்டுகளுக்கு முன், பேச்சிப்பாறைக்குச் செல்லும் வழியில் மலையடிவாரத்தில் இருந்த ஒரு பள்ளியில் நான் பணியாற்றினேன். மேலே உள்ள காணி என்னும் பழங்குடி மக்களின் குடியிருப்பிலிருந்து அவன் ஆறாம் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். காட்டில் கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் மனிதன் வாழ்ந்த காலம் நாகரிகமற்ற காலம் என்று நான் பாடம் நடத்தியபோது, வகுப்பில் இருந்த பிள்ளைகள் அனைவரும் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று அவர்களைக் கடிந்துகொண்டேனே தவிர, சிரிப்புக்குக் காரணம் என்னுடைய வாக்கியம்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. மறுநாள் அவனைத் தனியே அழைத்து, காட்டுக் கிழங்குகளைப் பற்றிக் கேட்டேன். கவலைக்கிழங்கின் கொடி காய்ந்த பிறகும் அது எந்த இடத்தில் இருக்கும் என்று கண்டுபிடிப்பதையும், எந்த மாதத்தில் தோண்டினால் மாவு கூடுதலாக இருக்கும் என்பதையும், கசப்பும் காறலும் உள்ள கிழங்கை எத்தனை முறை தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும் என்பதையும் ஒரு பெரியவரைப் போல எடுத்துச் சொன்னான். தோண்டி எடுத்த பின் குழியை அப்படியே விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். "தலைய மட்டும் முறிச்சு திரும்ப மண்ணுல வச்சு மூடிருவோம் சார், அடுத்த வருசமும் வேணும்லா" என்றான்.

கிழங்கின் தலையைத் திரும்ப மண்ணில் வைத்து மூடுவது சேகரிப்பா, வேளாண்மையா? இந்தக் கேள்விக்கு என்னால் அன்று விடை சொல்ல முடியவில்லை. இன்றும் ஒரு கோடு கிழித்துப் பிரிக்க முடியாது என்றே நினைக்கிறேன். செடியின் வாழ்க்கையை அறிந்து, அதன் தொடர்ச்சிக்கு இடம் கொடுத்து, அடுத்த ஆண்டைக் கணக்கில் கொள்ளும் அறிவு விதைப்பதற்கு வெகுகாலம் முன்பே மனிதரிடம் இருந்தது. அந்த அறிவு இல்லாமல் விதைப்பு தொடங்கியிருக்கவே முடியாது. கலிலேயக் கடல் என்று நாம் விவிலியத்தில் படிக்கும் ஏரியின் கரையில், ஓஹாலோ என்ற இடத்தில், இன்றைக்கு 23,000 ஆண்டுகளுக்கு முன் சிலர் கிளைகளாலும் புல்லாலும் குடிசை அமைத்துத் தங்கியிருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய 140-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் அங்கே அடையாளம் காணப்பட்டுள்ளன. காட்டு வாற்கோதுமையை அரைத்த கல்லும் கிடைத்திருக்கிறது. வடகிழக்கு ஜோர்தானில் 14,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் அடுப்பின் சாம்பலில் ரொட்டித் துணுக்குகள் கிடைத்ததாக 2018-இல் அறிவிக்கப்பட்டது. காட்டுத் தானிய மாவோடு ஒருவகைக் கோரைக்கிழங்கையும் சேர்த்துச் சுட்ட ரொட்டி அது. அந்தப் பகுதியில் வேளாண்மை தொடங்குவதற்குச் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ அதைச் சுட்டுப் பகிர்ந்து உண்டிருக்கிறார்கள்.

ஏணியின் படிகள் இடம் மாறிக் கிடப்பதற்கு இன்னும் சான்றுகள் உண்டு. வேளாண்மைக்குப் பிறகுதான் மட்பாண்டம் வந்தது என்று நான் கற்பித்தேன். சீனாவின் சியன்ரென்துங் குகையில் கிடைத்த ஓடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழமையானவை, அவற்றைச் செய்தவர்கள் வேட்டையாடிகள். ஊரும் உபரி உணவும் அமைந்த பிறகே மனிதன் கோயில் போன்ற பெரும் கட்டுமானங்களை எழுப்பினான் என்றும் கற்பித்தேன். துருக்கியின் தென்கிழக்கில் உள்ள கோபெக்லி தெபே குன்றில் 1995 முதல் கிளவுஸ் ஷ்மித் என்ற ஜெர்மானியத் தொல்லியலாளர் நடத்திய அகழாய்வு அதையும் மாற்றியது. கி.மு. 9500-ஐ ஒட்டிய காலத்தில், ஐந்து மீட்டர் உயரத்தையும் தாண்டும் கல்தூண்களை வட்டமாக நிறுத்தி, அவற்றில் நரி, பாம்பு, காட்டுப்பன்றி, கழுகு ஆகியவற்றைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியவர்கள், மான் வகைகளையும் காட்டு மாடுகளையும் வேட்டையாடி உண்ட மக்கள். அங்கே வீட்டு விலங்கின் எலும்பும் இல்லை, பழக்கப்படுத்திய பயிரின் மணியும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் ஓரிடத்தில் கூடி, ஒரே நோக்கில் உழைக்க அவர்களுக்கு அரசனோ களஞ்சியமோ தேவைப்படவில்லை.

இத்தனை அறிந்தவர்கள் ஏன் அதற்கு முன்பே பயிரிடவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பனியூழிக் காலத்தில் பருவநிலை குளிர்ந்தும் வறண்டும், சில தலைமுறைகளுக்குள்ளேயே பெரிதும் மாறியும் வந்தது. விதைத்தவர் அறுப்போம் என்று நம்பி இருக்க இயலாத காலம் அது. இன்றைக்குச் சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் கடைசிக் கடுங்குளிர் முடிந்து, நாம் இன்றும் வாழும் இதமான, நிலையான பருவநிலை தொடங்கியது. பல கண்டங்களில் பல மக்கள் ஒருவரையொருவர் அறியாமலே அடுத்தடுத்த சில ஆயிரம் ஆண்டுகளில் பயிர்த்தொழிலுக்கு வந்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

அவர்கள் அதற்குக் கொடுத்த விலையைப் பற்றி ஏணிப்படம் ஒன்றும் சொல்வதில்லை. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரைரா என்றோர் ஊர் இருந்தது; அணை கட்டப்பட்டதால் இன்று அது நீருக்கு அடியில் இருக்கிறது. மூழ்குவதற்கு முன் 1972, 1973 ஆண்டுகளில் அவசரமாக நடந்த அகழாய்வில் வேட்டைக் காலத்திலிருந்து வேளாண் காலம் வரை தொடர்ந்த ஒரு குடியிருப்பு வெளிப்பட்டது. அங்கே புதைக்கப்பட்டிருந்த பெண்களின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், கால் பெருவிரல் மூட்டு தேய்ந்தும், முழங்காலும் இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பும் சிதைந்தும் இருப்பதைக் கண்டார்கள். மண்டியிட்டு, விரல்களை மடக்கித் தரையில் ஊன்றி, நாள்தோறும் பல மணிநேரம் கல்லில் தானியம் அரைத்ததன் தடயம் அது. இதை முதன்முதலாகப் படித்தபோது, விடியலுக்கு முன் எழுந்து உரலில் நெல் குத்தியும் அம்மியில் அரைத்தும் வாழ்ந்து, முதுமையில் நிமிர முடியாமல் போன என் அம்மையின் முதுகுதான் கண்முன் நின்றது. தானியமே உணவானபோது பற்சொத்தை பெருகியதையும், பல இடங்களில் மனிதரின் சராசரி உயரம் குறைந்ததையும், மந்தையோடும் கழிவோடும் நெருங்கி வாழ்ந்ததால் நோய்கள் பரவியதையும் எலும்புகள் காட்டுகின்றன. முதல் விவசாயி, தன் வேட்டைக்கார முன்னோரைவிட உடலால் நலிந்தவராகவே பெரும்பாலும் இருந்தார்.

அப்படியானால் அவர் ஏன் திரும்பிப் போகவில்லை? சிலர் போனார்கள் என்பதே உண்மை. மேற்கு ஆசியாவில் குளிர் மீண்ட ஓர் இடைக்காலத்தில், ஊராகத் தங்கத் தொடங்கியிருந்த நத்தூஃபிய மக்கள் பலர் மறுபடியும் இடம்பெயரும் வாழ்க்கைக்கு மாறினர். ஆனால் இதமான பருவநிலை நிலைத்த பிறகு அந்த வழி மெல்ல அடைபட்டது. இடம்பெயரும் தாய் இரு குழந்தைகளைச் சுமந்து நடக்க முடியாது. அத்தகைய சமூகங்களில் ஒரு பிள்ளைக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் நான்கு ஆண்டுகள் இருந்தன. ஓரிடத்தில் தங்கி, கூழ் காய்ச்சிக் குழந்தைக்கு ஊட்ட முடிந்தபோது அந்த இடைவெளி குறைந்தது. மக்கள்தொகை பெருகியது, பெருகிய மக்களைக் காட்டின் கனியும் கிழங்கும் மட்டும் இனித் தாங்க முடியாது. களஞ்சியம் இருந்தது, அதைக் காவல் காக்க வேண்டியிருந்தது, விட்டுச் செல்ல முடியாததாயிற்று. நெல் நிறைந்த பத்தாயம் உள்ள வீட்டை அப்படியே போட்டுவிட்டு எவரும் மலைக்குப் போய்விடுவதில்லை என்பதை நம் மாவட்டத்தில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஊர்கள் பெருகியதும் அரசு வந்துவிட்டது என்பதும் சரியன்று. பாலஸ்தீனத்தில் உள்ள எரிக்கோ என்னும் ஊரில் கி.மு. 8000-ஐ ஒட்டி, மட்பாண்டமே அறியாத மக்கள் 8.5 மீட்டர் உயரமுள்ள கற்கோபுரத்தை உள்ளே படிக்கட்டு வைத்துக் கட்டினார்கள். துருக்கியின் சாத்தல் ஹுயூக்கில் கி.மு. 7100-க்குப் பின் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சில ஆயிரம் பேர் நெருக்கமாக வாழ்ந்தார்கள். வீட்டோடு வீடு ஒட்டி, தெருவே இல்லாமல், கூரைவழியே ஏணியில் இறங்கி உள்ளே சென்றார்கள். இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். அங்கே அரண்மனை ஒன்றும் கிடைக்கவில்லை. வீடுகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன.

பெருநகரமும் எழுத்தும் பிறந்தது ஆற்றுக் கழிமுகங்களிலும் வெள்ளச் சமவெளிகளிலும்தான், அதற்குக் கடலும் ஒரு காரணம். இதை நம் கடற்கரையில் நின்றே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இன்றைக்கு 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்நீரில் ஒரு பகுதி நிலத்தின்மேல் பெரும் பனிப்பாளங்களாக உறைந்திருந்ததால் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கை அன்று தரைவழியாக நம்மோடு இணைந்திருந்தது. நம் மீனவர்கள் 'வெட்ஜ் பேங்க்' என்று அழைக்கும், குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள ஆழம் குறைந்த மீன்பிடிப் பரப்பின் ஒரு பகுதி நடக்கத்தக்க நிலமாக இருந்தது. பனி உருகக் கடல் பல ஆயிரம் ஆண்டுகளாக ஏறி வந்தது. இதைக் கேட்டதும் பலர் குமரிக்கண்டத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே மூழ்கியது கண்டம் அன்று, கடற்கரையை ஒட்டிய ஒரு நிலத்திட்டு. கடல்கோள் பற்றிய நம் இலக்கிய நினைவுகளுக்கு அதுவே போதிய மரியாதையைத் தரும் உண்மை என்பது என் கருத்து. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடலின் ஏற்றம் மிகவும் மெதுவானபோதுதான் ஆறுகள் கொண்டுவரும் வண்டல் முகத்துவாரங்களில் தங்கி, நைல், யூப்ரடீஸ், டைக்ரிஸ் முதலிய ஆறுகளின் கழிமுகங்கள் இன்றைய வடிவத்தில் உருவாகத் தொடங்கின. அந்த வண்டலில்தான் சுமேரியரின் ஊர்கள் எழுந்தன.

உருக் நகரத்தைப் பற்றிக் கட்டுரையில் எழுத்து என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. அந்த எழுத்து எதற்காகப் பிறந்தது என்பதைப் பிள்ளைகள் அறிந்தால் மிகவும் மகிழ்வார்கள். ஆட்டுக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, தானிய அளவுக்கு ஒன்று என்று சிறு களிமண் உருக்களைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் மேற்கு ஆசியாவில் பல ஆயிரம் ஆண்டுகளாக இருந்தது. பிறகு அவற்றைக் களிமண் உருண்டைக்குள் இட்டு முத்திரை வைத்தார்கள். உள்ளே இருப்பதை உடைக்காமல் அறிய வெளிப்புறத்தில் அவற்றை அழுத்தி அடையாளம் இட்டார்கள். பிறகு உள்ளே உருக்களே தேவையில்லாமல், தட்டையான களிமண் பலகையில் அடையாளம் மட்டும் போதும் என்றாயிற்று. கி.மு. 3300-ஐ ஒட்டி உருக்கில் தோன்றிய பலகைகள் ஏறத்தாழ 5,000 கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை, எவ்வளவு மது, எத்தனை ஆடு என்ற கணக்குகள். கவிதையும் கதையும் எழுதப்பட்டது சில நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான். அதே நகரத்தில், ஒரே அச்சில் வார்த்தது போன்ற முரட்டுக் கிண்ணங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. உழைப்பவருக்குத் தானியக் கூலி அளந்து கொடுக்கப் பயன்பட்டவை என்று அவற்றைப் பலர் கருதுகிறார்கள்.

எங்கள் வீட்டில் அறுப்பு முடிந்து நெல் அளக்கும்போது, ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி மரக்கால் மரக்காலாக எண்ணுவார்கள். கோட்டை என்னும் அளவு ஒவ்வொன்றும் நிறைந்ததும் பத்தாயத்தின் பலகையில் என் பாட்டனார் கரிக்கட்டையால் ஒரு கோடு இழுப்பார். அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர். உருக் நகரத்துப் பலகையின் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அந்தக் கரிக்கோடுகள்தான் நினைவுக்கு வந்தன. எழுத்தின் பிறப்பில் அறிவாளர்களுக்கு இருந்த பங்கைப் போலவே, நெல்லை அளந்தவர்களுக்கும் பங்கு உண்டு. அளப்பவர் ஒருபுறமும் அளந்து வாங்குபவர் மறுபுறமும் நிற்கும் சமூகம் பிறந்ததும் அங்கேதான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகரத்தின் பெருமையை மட்டும் பேசி அதை விட்டுவிடுவது முழு வரலாறாகாது.

எல்லா நாகரிகமும் தானியத்தின்மேல் எழவில்லை. இந்தச் செய்தியை நம் கடற்கரை ஊர்களின் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் தனியாகச் சொல்வேன். தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் பாலைநிலக் கடற்கரையை ஒட்டிய சூப்பே பள்ளத்தாக்கில் கரால் என்ற நகரம் இருக்கிறது. ரூத் ஷாடி என்ற பெரு நாட்டுத் தொல்லியலாளர் அங்கே ஆய்வு நடத்தி, அதன் காலம் கி.மு. 2600-ஐ ஒட்டியது என்பதை 2001-இல் உலகுக்கு அறிவித்தார். எகிப்தியப் பிரமிடுகள் எழுந்த காலத்தில் அங்கே பெரும் மேடைக் கட்டுமானங்களும் வட்ட அரங்குகளும் இருந்தன, மட்பாண்டம் இல்லை. உள்நாட்டு மக்கள் ஆற்றுநீரைப் பாய்ச்சிப் பருத்தி விளைவித்தார்கள். கடற்கரை மக்கள் அந்தப் பருத்தியில் வலை பின்னி, நெத்திலியும் சாளையும் பிடித்து உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். கரால் நகரின் குப்பைமேடுகளில் அந்தச் சிறுமீன்களின் எலும்புகள் நிறைந்து கிடக்கின்றன. நெத்திலியையும் சாளையையும் உண்டு ஒரு நாகரிகம் எழுந்தது என்று சொல்லும்போது குளச்சலிலிருந்தும் மணக்குடியிலிருந்தும் வந்த மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஏர் என்ற ஒரே படியின் வழியாக எல்லாரையும் ஏற்றும் படத்தில் இந்த மக்களுக்கு இடமே இல்லை.

நம் துணைக்கண்டத்திலும் இதே நீண்ட காலக்கணக்குதான். பலுசிஸ்தானின் மெஹர்கட்டில் கி.மு. 7000-ஐ ஒட்டியே வாற்கோதுமை விளைவித்து, திமில் உள்ள மாடுகளை வளர்த்தார்கள். 1974 முதல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதை அகழ்ந்தனர். கல் துளைக்கருவியால் உயிருள்ள மனிதரின் கடைவாய்ப் பல்லைத் துளையிட்ட தடயம்கூட அங்கே உண்டு. சிந்துவெளியின் பெருநகரங்கள் எழுந்ததோ கி.மு. 2600-ஐ ஒட்டி, இடையில் 4,400 ஆண்டுகள். மொஹஞ்சதாரோவில் சுமார் 700 கிணறுகள் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செங்கற்கள் 1:2:4 என்ற விகிதத்தில் ஊர்தோறும் மாறாமல் இருந்தன. ஐயத்துக்கு இடமின்றி அரண்மனை என்று சொல்லத்தக்க கட்டடம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை, எழுத்தும் படிக்கப்படவில்லை. நாகரிகம் என்றால் உச்சிப்படியில் அரண்மனை என்று வரைந்த படம், நமக்கு மிக அருகிலுள்ள பெருநாகரிகத்துக்கே பொருந்தவில்லை.

தமிழகத்தின் சான்றுகள் இன்னும் வேறு வகையானவை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரிதான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கம். அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் 15 இலட்சம் ஆண்டுகள் வரை பழமையானவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. நமக்கு அண்டையில், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி முதலிய இடங்களில் தேரி எனப்படும் மணல்மேடுகளில், விரல்நகம் அளவேயான படிகக்கல் கருவிகள் சிவந்த மணலில் கிடக்கின்றன. 1956-இல் தொல்லியலாளர்கள் சொய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் அவற்றை விரிவாக ஆராய்ந்தார்கள். தென்கோடியில் தனித்த செம்புக்காலம் ஒன்று தெளிவாகத் தெரிவதில்லை. நுண்கற்கருவிகளை அடுத்து நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது இரும்பும் தாழிகளும்தாம். சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அங்கு கிடைத்த இரும்போடு தொடர்புடைய மாதிரிகளின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை செல்வதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை கூறியது. இந்த முடிவுகள் மேலும் பல இடங்களில் உறுதிப்படும்போது உலகின் இரும்பு வரலாறே மாற்றி எழுதப்பட வேண்டியிருக்கும். கீழடியில் செங்கல் கட்டுமானமும் பானையோட்டில் கீறிய பெயர்களும் கிடைத்துள்ளன; அங்கு எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்கிறது. கல், செம்பு, வெண்கலம், இரும்பு என்று பிற நாடுகளுக்கு வகுத்த வரிசையை இங்கே அப்படியே பொருத்திப் பார்த்து, ஏதோ ஒரு படியைத் தவறவிட்டவர்கள் என்று நம் முன்னோரை எண்ணுவதற்குக் காரணமே இல்லை.

ஆகவே தங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். மாணவர் பக்கத்தில் 'காட்டுமிராண்டி' என்ற சொல்லைத் தொல்பழங்கால மக்களுக்கு இனிப் பயன்படுத்தாதிருக்க வேண்டும். 'வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்த மக்கள்' என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் புரியும், எவரும் தலைகுனிய நேராது. அடுத்த முறை ஏணிக்குப் பதிலாக ஒரு நீண்ட கோடு வரைந்து, அதில் கி.மு. 9500, 3500, நாம் வாழும் ஆண்டு மூன்றையும் அளவு பிசகாமல் குறியுங்கள். அந்தக் கோடே பாதிப் பாடத்தை நடத்திவிடும். முட்டம் பகுதியில் இன்னும் எஞ்சியிருக்கும் செம்மணல் மேடுகளுக்குப் பிள்ளைகளை ஆசிரியர்கள் அழைத்துச் சென்று, நிலமும் கடலும் மாறிய கதையை அங்கேயே நின்று சொல்ல ஊக்குவியுங்கள். மணல் அள்ளப்பட்டுப் போய்விட்டால் மீண்டும் காட்ட ஒன்றும் இராது.

இன்னொன்றும் உண்டு. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாக நடந்த காணி மக்கள், களைப்பு நீங்கத் தாங்கள் மென்ற ஒரு காயை அவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்தச் செடிதான் பின்னர் 'ஆரோக்கியப்பச்சை' என்று உலகறிந்தது. அத்தகைய அறிவு நம் மாவட்டத்துக் குடியிருப்புகளில் முதியவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது. தங்கள் மாணவர் பக்கத்தில் ஒரு வாரத்தையாவது, அந்தக் குடியிருப்புகளிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளே தம் பாட்டன் பாட்டியிடம் கேட்டு எழுதும் கிழங்குகளின் பெயர்களுக்கும், தோண்டும் மாதங்களுக்கும், வேகவைக்கும் முறைகளுக்கும், முக்கியமாக முறித்த தலையைத் திரும்ப மண்ணில் வைக்கும் முறைக்கும் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். அந்தப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு நேரில் சென்று, எழுதிய தாள்களைத் திரட்டித் தங்களுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.